கைபேசித் திரையில் தோன்றும் வண்ணப் பட்டைகளைக் குறித்த ஒரு விசாரணை

கருஞ்சாம்பலில் தொடங்கிக் கறுப்பில் முடிவதாகத் தீட்டப்பட்ட ஒரு வால்பேப்பரைக் கைபேசியின் முகப்பில் இட்டுக்கொண்டவர் எவரும், அந்நிறம் சிறிது சிறிதாகக் கரையாமல், பட்டைகளாகப் பிரிந்து, பட்டைக்குப் பட்டை தாவி இறங்குவதை ஒரு முறையேனும் கண்டிருப்பர். கண்டவருள் பெரும்பாலோர் "போன் பழசாயிடுச்சு" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவதாலும், எஞ்சியோர் திரையைச் சட்டைத் துணியால் துடைத்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவதாலும், இவ்விஷயம் இதுகாறும் தக்க விசாரணைக்கு உட்படவில்லை. அக்குறையை நிவர்த்தி செய்வதே இக்கட்டுரையின் பிரயோஜனம். இதனைப் படித்தற்கு அதிகாரி யார் எனின், கைபேசி, கண், வேறு அவசர ஜோலி இன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் என்க.

முதற்கண் இலக்கணம் கூறுவோம். தொடர்ந்து மாறவேண்டிய நிறம் விட்டுவிட்டு மாறுவதும், மாறுகின்ற எல்லை கோடாகப் புலப்படுவதும் சேர்ந்து நிகழுமிடத்தே பட்டை என்னும் தோஷம் உண்டு. முதற்பகுதியை விட்டுவிட்டு எல்லைக்கோட்டை மட்டும் இலக்கணமாகக் கொண்டால், தேசியக் கொடியும் இத்தோஷத்துக்கு ஆளாகி, அதிவியாப்தி என்னும் குற்றம் வந்து சேரும். இனி, இது வசிக்கும் இடங்கள்: சினிமாவில் மூடுபனி, நள்ளிரவு, நீருக்கடியில் நடக்கும் காட்சிகள்; செய்தி பரிமாறும் செயலியில் வரும் கல்யாண அழைப்பிதழ்களில் குத்துவிளக்கைச் சுற்றியுள்ள பொன்னொளி; எல்லாவற்றுக்கும் மேலாக, "காலை வணக்கம்" என்னும் வாசகத்தைத் தாங்கி வரும் உதய சூரியன். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அச்சூரியனைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக நின்ற வளையங்களைப் பரிவேஷம் என்று கொண்டு, மழை உண்டு என மறுமொழியும் அனுப்பினார்.

இத்தோஷத்தின் காரணத்தைப் பற்றி மூன்று மதங்கள் உள. திரையே குற்றவாளி என்பார் திரைவாதிகள். படத்தைத் தாங்கி வந்த கோப்பே குற்றவாளி என்பார் கோப்புவாதிகள். இரண்டும் அல்ல, பார்ப்பவனுடைய கண்ணே குற்றவாளி என்பார் கண்வாதிகள். இவர்கள் தொகையிற் சிறியவராயினும் வாதத்தில் வலியவர். மூவரையும் தனித்தனியே விசாரிக்குமுன், மூவருக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. அதனை முடித்துக்கொள்வது உத்தமம்.

திரையின் ஒவ்வொரு பிக்ஸலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் இருக்க, அவை ஒவ்வொன்றின் பிரகாசமும் 8 பிட் எண் ஒன்றால், அதாவது 0 முதல் 255 வரையுள்ள 256 நிலைகளுள் ஒன்றால் குறிக்கப்படுகிறது. மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 வண்ணங்கள் வருகின்றன. போன் பெட்டியின்மேல் இத்தொகையை அச்சிட்டு மகிழாத வியாபாரி இல்லை. ஆயினும், சாம்பல் நிறம் பிறப்பதற்கு மூன்று விளக்குகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டியிருப்பதால், இக்கோடிக் கணக்கான செல்வத்துள் சாம்பலுக்கு உரிய பங்கு வெறும் 256 தான் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. நம்முடைய பழைய கணக்கர்கள் ஒன்றை 320 கூறிட்டு, அதிலொரு கூற்றை முந்திரி எனப் பெயரிட்டு, நிலக்கணக்கில் சர்வ சாதாரணமாகப் புழங்கினர். அது போதாதென்று அம்முந்திரியையும் 320 கூறிட்டுக் கீழ்முந்திரி என்றனர். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய போனின் சாம்பல், ஓர் ஓலைக் கணக்கனுடைய முந்திரியின் நுட்பத்தைக்கூட எட்டவில்லை என்பது வருந்தத்தக்கதே.

256 போதாதா என்று கேட்பார்க்கு விடை: போதும், ஏற்றம் செங்குத்தாக இருந்தால். உயரவாக்கில் 2400 பிக்ஸல்கள் உள்ள திரையில் கறுப்பு முதல் வெள்ளை வரை முழுவதும் பரப்பினால், ஒரு படிக்கு ஒன்பது பிக்ஸல் சொச்சமே விழும். அங்குலத்துக்கு 400 பிக்ஸல் அடர்ந்த திரையில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் ரசிகர்கள் விரும்புவதோ 56 என்னும் எண்ணில் தொடங்கி 16 என்னும் எண்ணில் அடங்குகிற, இருப்பதும் இல்லாததும் தெரியாத மென்மை. அவ்விடத்தில் இருப்பவை 40 படிகளே; 2400-ஐ 40 ஆல் வகுக்க, படி ஒன்றுக்கு 60 பிக்ஸல், அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. ஆகவே, எவ்வளவுக்கெவ்வளவு மென்மையை நாடுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு பட்டையும் அகன்று நிற்கும். முரடான படங்களில் பட்டை தோன்றாமல் நளினமான படங்களிலேயே தோன்றுவதற்கு இதுவே ஹேது.

இருட்டில் நிலைமை இன்னும் மோசம். நல்ல வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒளி வேறுபட்டாலே கண் அதனைக் கண்டுகொள்ளும். இவ்வாறு வேறுபாட்டை விகிதமாகவே உணரும் புலன்களின் இயல்பை வேபர் என்னும் அறிஞரும், 1860-இல் வெளிவந்த தம் நூலில் பெக்னர் என்பவரும் ஜெர்மனியில் ஸ்தாபித்தார்கள். எண்ணுக்கு ஒளி எவ்வாறு கூடுகிறது என்பதைக் குறிக்கும் திரையின் காமா 2.2 என்று கொண்டால், 200-லிருந்து 201-க்குச் செல்கையில் ஒளி கூடுவது நூற்றுக்கு ஒன்று சொச்சம். அதுவே 16-லிருந்து 17-க்குச் செல்கையில் நூற்றுக்குப் பதினான்கு. இருளில் கண்ணின் கூர்மை சற்று மழுங்கும் என்பது மெய்யே. ஆயினும் பதினான்கை மறைக்கும் அளவுக்கு அது மழுங்குவதில்லை. இதே படத்தை மின்விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தால், கண்ணாடியின்மேல் விழும் வெளிச்சம் கறுப்பையெல்லாம் வெளிறச் செய்து பட்டைகளை விழுங்கிவிடும். செலவில்லாத பரிகாரங்களுள் இது தலையாயது.

இனிக் கண்வாதிகள். பாரிஸ் நகரத்துக் கோப்லான் திரைச்சீலைச் சாலையில் சாயத் தொழிலை மேற்பார்த்துவந்த ஷெவ்ரூல் என்னும் ரசாயன பண்டிதர், ஒரே நூலின் நிறம் அண்டையில் உள்ள நூலுக்குத் தக்கபடி வேறுபட்டுத் தோன்றும் விசித்திரத்தை ஆராய்ந்து, 1839-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். (102 வயது வாழ்ந்தவராதலால் அவருக்கு அவசரம் இருந்திருக்க நியாயமில்லை.) சமநிறமுள்ள பட்டைகளை வெளுப்பிலிருந்து கறுப்புக்கு வரிசையாக ஒட்டிவைத்தால், ஒவ்வொரு பட்டையும் தன்னளவில் ஒரே நிறமாயிருந்தும், கறுத்த அண்டைப் பட்டையை நோக்கிய ஓரம் வெளுத்தும், வெளுத்த அண்டைப் பட்டையை நோக்கிய ஓரம் கறுத்தும் தோன்றும். 1865-இல் ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக், விமான வேகத்தை அளக்கையில் பெயர் அடிபடுகிறதே அவரேதான், இதையொத்த மாயக்கோடுகளை ஆராய்ந்து, விழித்திரையில் அண்டை அயலார் ஒருவரையொருவர் அடக்குவதே காரணம் என்று அனுமானித்தார். அவ்வடக்குமுறையைப் பின்னர் லாட நண்டின் கண்ணில் பிரத்யக்ஷமாகக் காட்டிய ஹார்ட்லைன், 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆகவே திரை ஒரு மடங்கு குற்றம் செய்தால் கண் அதனைப் பெரிதாக்கிக் கோள் சொல்லுகிறது என்னும் அளவில் கண்வாதிகளின் கொள்கை ஏற்கத்தக்கது. திரை நிரபராதி என்னும் அளவில் தள்ளத்தக்கது.

திரைவாதிகளின் சான்றுகள் சரித்திர சம்பந்தமானவை. ஆண்ட்ராய்டின் தொடக்க நாட்களில், நினைவிடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, பிக்ஸலுக்கு 16 பிட் என்று ரேஷன் முறை அமலில் இருந்தது: சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, கண்ணுக்கு மிகவும் உறைக்கும் நிறமாதலால் பச்சைக்கு மட்டும் 6. சிவப்புக்கு 32 நிலை, பச்சைக்கு 64 நிலை என்றாகவே, சாம்பல் ஏற்றம் பட்டையானதோடு நில்லாமல், ஒரு பட்டை பச்சை சாய்ந்தும் அடுத்தது ஊதா சாய்ந்தும் விளங்கிற்று. 2010-இல் வந்த 2.3 பதிப்பு இவ்வழக்கத்தை நீக்கியது. மலிவுப் பேனல்களில் 6 பிட் இன்றும் உண்டு. ஆனால் அவை ஒரு தந்திரம் செய்கின்றன. 20-க்கும் 21-க்கும் இடைப்பட்ட கால்பங்கு நிறம் வேண்டுமானால், 20, 20, 20, 21 என்று பிரேம்களை மாற்றி மாற்றிக் காட்டி, கண்ணே சராசரி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. 107 கோடி வண்ணம் என்று விளம்பரமாகும் 10 பிட் திரைகள் பலவும் உள்ளே 8 பிட் பேனலும் மேலே இத்தந்திரமுமே ஆகும். கண்வாதிகளால் தூஷிக்கப்பட்ட கண், இவ்விடத்தில் சம்பளமில்லாத குமாஸ்தாவாக வேலை செய்வது கவனிக்கத்தக்கது.

கோப்புவாதிகளுக்குச் சாட்சி வேண்டியதே இல்லை. படத்தைச் சுருக்கும் முறைகள், கண்ணுக்குத் தெரியாத அற்ப வேறுபாடுகள் எவை என்று தாமே நிர்ணயித்து, அவற்றை வீசிவிடுகின்றன. அவை அற்பம் என்று வீசியவற்றுள்தான் மேற்சொன்ன மென்மையான ஏற்றம் முழுவதும் அடங்கியிருந்தது. அழைப்பிதழ் ஒன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சித்தப்பாவுக்கும், சித்தப்பாவிடமிருந்து சம்பந்தி குழுவுக்கும், அங்கிருந்து படம் பிடித்து மறுபடியும் சித்தப்பாவுக்கே வந்து சேரும்போது, குத்துவிளக்கின் பொன்னொளி நாலைந்து வளையங்களாகக் குறுகியிருக்கும். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் அத்தியாயம் ஒளிபரப்பாகி, ஒன்றும் தெரியவில்லை என்று உலகெங்கும் கூக்குரல் எழுந்தபோது, ஒளிப்பதிவாளர் பேபியன் வாக்னர், பார்ப்பவர்கள் தொலைக்காட்சியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்றும், ஒளிபரப்பில் படம் சுருக்கப்பட்டுவிட்டது என்றும் கூறினார். திரைவாதத்தையும் கோப்புவாதத்தையும் ஒருசேரக் கைக்கொண்ட சமரச ஞானி அவர்.

இனி நம் சித்தாந்தம். மூவரும் பட்டைக்குக் காரணம் ஏதோ ஒரு குறைபாடு என்று கொண்டார்கள். நாம் அதனைத் தூய்மையின் மிகுதி என்று கொள்கிறோம். இதற்குப் பிரமாணம்: கேமராவால் பிடித்த மாலை வானத்தையும், கணினியில் வரைந்த மாலை வானத்தையும், இரண்டும் அதே 8 பிட் கோப்புகளாயிருக்க, ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வரைந்ததிலேயே பட்டை மிகுதியாகத் தெரியும். பிடித்த வானத்தில் சென்ஸாரின் இரைச்சல் பொடிப்பொடியாகக் கலந்திருப்பதால், ஒரு படி முடிந்து மறுபடி தொடங்கும் எல்லையில் பிக்ஸல்கள் ஒன்றுக்கொன்று கலந்து நின்று கோட்டைக் கலைத்துவிடுகின்றன. வரைந்த வானமோ அப்பழுக்கற்றது. ஆதலால் அதன் எல்லை கத்தியால் வகிர்ந்தாற்போல் இருக்கிறது.

இவ்வுண்மையை முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயின்ற லாரன்ஸ் ராபர்ட்ஸ். குறைந்த பிட்டுகளில் படத்தை அனுப்ப வழி தேடிய அவர், படத்தை எண்ணாக்குமுன் அதில் திட்டமிட்ட இரைச்சலைக் கலந்து, வந்து சேர்ந்தபின் அதே இரைச்சலைக் கழித்துவிடும் முறையை 1962-இல் வெளியிட்டார். பிற்காலத்தில் இணையத்தின் மூதாதையாகிய ஆர்பாநெட்டை அமைத்தவரும் அவரே. 1976-இல் பிளாய்டு, ஸ்டைன்பெர்க் என்னும் இருவர், ஒரு பிக்ஸலில் நேர்ந்த பிழையை அண்டைப் பிக்ஸல்களின் தலையில் பங்கிட்டுச் சுமத்தும் முறையைக் கண்டார்கள். இந்நெறியின் பரிபக்குவம் 2018-இல் வந்த ஏவி1 என்னும் காணொளிச் சுருக்கமுறையில் காணக்கிடக்கிறது. இரைச்சலைச் சுருக்குவது கடினமாதலால், அனுப்புமிடத்தில் படத்தின் குப்பை முழுவதையும் கூட்டி எடுத்துவிட்டு, அக்குப்பை இன்ன பருமன், இன்ன அடர்த்தி உடையது என்று ஒரு சீட்டு மட்டும் எழுதியனுப்பி, சேருமிடத்தில் அச்சீட்டைப் பார்த்துப் புதுக்குப்பை தயாரித்துத் தூவிக்கொள்ளலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. இதைவிடச் சிரத்தையாகக் குப்பையைப் போற்றிய சாஸ்திரம் வேறில்லை.

இங்கு ஓர் ஆசங்கை: உண்மையான 10 பிட் திரையை வாங்கினால் தோஷம் தொலையாதோ எனின், கோப்பும் 10 பிட்டாக இருந்தால் தொலையும், 1024 நிலைகளில் படி ஒன்றின் அகலம் கால்பங்காகிவிடும். 8 பிட்டில் வந்த சூரியனுக்கு அதனால் யாதொரு லாபமும் இல்லை. நீல ஒளியைக் குறைக்கும் இரவு வசதியையோ, திரைமேல் கறுப்புப் படலம் போட்டு மங்கவைக்கும் செயலியையோ பயன்படுத்துவோர், இருக்கிற நிலைகளையும் நெருக்கி வைத்து இழந்துவிடுகிறார்கள் என்பதையும் அறிக.

ஆகவே, அழைப்பிதழ் வரையும் டிசைனர் செய்யத்தக்கது யாதெனின், பொன்னொளியைப் பரப்பியபின் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இரைச்சலை அதன்மேல் தூவிச் சேமிப்பதே. இதை அவர்களிடம் எடுத்துரைத்துப் பார்த்தேன். ஒருவரும் இசையவில்லை. பெண் வீட்டார் அழைப்பிதழை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, "என்ன தம்பி, புள்ளி புள்ளியா இருக்கு?" என்று கேட்பார்களாம். பட்டை தெரிந்தால் பழி அவரவர் போனுக்குப் போய்விடுகிறது. புள்ளி தெரிந்தால் பாக்கிப் பணம் வருவதில்லை.