பாடு வந்தால் வலை

நம்மில் யாரும் தன்னைச் சோம்பேறி என்று ஒத்துக்கொள்வதில்லை. "எதைச் செஞ்சாலும் பர்ஃபெக்டா செய்யணும், அதான் இன்னும் ஆரம்பிக்கலை" என்பார்கள்; கேட்பவருக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். உடம்பைக் குறைக்க ஜனவரி ஒன்று வரவேண்டும், அது திங்கட்கிழமையாகவும் அமையவேண்டும், புது ஷூ வீடு வந்து சேர்ந்திருக்கவேண்டும். அலை ஓய்ந்தா கடலாடுவது என்ற பழமொழியைக்கூட, நல்ல எழுத்துரு தேடி ஒரு மணி நேரம் செலவழித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருப்போம்.

இந்த வியாதிக்கு மருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. துறைமுகம், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று அங்கே வரைபடம் போட்டுக் கட்டியவை நிறைய. அவற்றுக்கெல்லாம் மூத்தது ஏரி மீனவர்களின் 'பாடு' முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம் என்பதால் ஊர் கூடி முறை வைத்துக்கொண்டது. இன்று இந்த இடம் இவருக்கு, அடுத்து இன்னொருவருக்கு. பாட்டுக்கு உங்கள் மூடு தெரியாது. 'இன்னும் ரெண்டு நாள் போகட்டும்' என்றால் அங்கே அடுத்தவர் வலை நிற்கும். பாடு என்றால் முறை, உழைப்பு, அவஸ்தை; மூன்றும் ஒரே ராத்திரியில் வந்து சேரும். அந்தத் தண்ணீரிலேயே கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பாருங்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி குனிந்து சேற்றைத் துழாவுகிறார்கள். கலங்கல் தண்ணீரில் விரல்தான் கண். இலக்கு தெளிவாகத் தெரியட்டும் என்று நின்றால் பறி காலி. வாயில் பறி இருப்பதால் திட்டத்தை யாருக்கும் விளக்கவும் முடியாது. பாதி வேலை அதனால்தான் நடக்கிறதோ என்னவோ.

கடல் என்ன விளையாட்டா, பொத்தல் வலையோடு போகலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். கரையேறியதும் வலையூசியோடு உட்கார்ந்து பொத்தல் தேடுகிறவர்கள்தான் அவர்களும். ஆனால் நேற்று கிழிந்ததை இன்று தைக்கிறார்கள். நாமோ இன்னும் கிழியாததைத் தைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பொத்தலும் காணாத வலை தண்ணீரையே காணாத வலை. அடுத்த ஆட்சேபம் கனமானது. முகத்துவாரத்தை மணல் மூடும், மீனவர்கள் வெட்டித் திறப்பார்கள், மறுபடி மூடும். இந்த வீண்வேலைக்கு நிரந்தரத் தீர்வுதானே வேண்டும்? வேண்டும். மீனவர்களே ஆண்டுக்கணக்கில் கேட்டது அதைத்தான். அவர்கள் மண்வெட்டி எடுத்ததைக் காட்டி அரசு கைகட்டி நிற்கவும் முடியாது. ஆனால் கோப்பு நகரும்வரை ஏரி காத்திருக்காது. இறால் முட்டையிடுவது கடலில், வளர்வது ஏரியில். வாய் அடைத்தால் குஞ்சுக்கு வழியில்லை. வெட்டிய வாய் எத்தனை நாள் நிற்கும் என்று வெட்டியவர்களுக்கே தெரியாது. நிற்கிறவரை ஏற்றத்தோடு குஞ்சுகள் உள்ளே வந்துகொண்டிருக்கும். கரை நேர்கோட்டில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று அவை டேப் பிடித்துப் பார்ப்பதில்லை.