சீனிக்கு வேஷம் கட்டாதே மருமவனே!

"சீனியை விட்டுட்டேன் மாமா"ன்னு நீ தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதே. நல்ல சேதிதான் மருமவனே. ஆனா விட்ட சீனி எங்கன போச்சுன்னு எங்கிட்டக் கேளு. காலையில கருப்பட்டிக் காப்பியில முங்கிக் கெடக்கு. பதினோரு மணி டீயில நாட்டுச் சர்க்கரைன்னு பேரை மாத்திக்கிட்டு நிக்கு. சாயங்காலம் தேன் ஊத்தி உருட்டின உருண்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

வெள்ளைச் சீனி, நாட்டுச் சர்க்கரை, உடன்குடிக் கருப்பட்டி மூணும் ஒரு தாய் புள்ளைக. நெறம்தான் வேற, மூணுலயும் பெரும்பங்கு சுக்ரோசுதான். கருப்பட்டியில இரும்புச் சத்து இருக்குங்கே. நான் இல்லேங்கல. ஆனா இரும்பு வேணும்னா வேலியோரத்து முருங்கைக்கீரையைப் பறிச்சு வதக்கித் தின்னேன், காசா பணமா? நாம கூடுதலாச் சேக்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள்ள இருந்தா ரொம்ப நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்தக் கணக்குல தேனும் உண்டு. நீ ஒரு உருண்டைக்கே ஊத்துத தேனைப் பாத்தா, தேனீ கூட்டைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டே ஓடிரும்.

நான் எட்டாங்கிளாஸ்தாம்லே. ஆனா பேத்தி நர்சுக்குப் படிக்கா. அவ புஸ்தகத்தை அவ படிக்காளோ இல்லியோ, நான் படிச்சுப்புட்டேன். 1981ல கனடா நாட்டு டொரன்டோவுல டேவிட் ஜென்கின்ஸ்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் கிளைசீமிக் இண்டெக்ஸ்னு ஒரு கணக்குப் போட்டாங்க. 50 கிராம் மாவுச்சத்து வார அளவுக்கு ஒரு பண்டத்தைத் திங்கக் குடுத்து, ரெண்டு மணி நேரம் ரத்தத்துல சர்க்கரை ஏறி இறங்குறதைப் பாக்கது. குளுக்கோசுக்கு 100. ஒரு பண்டம் 55க்குள்ள நின்னா நிதானக்காரன். 70ஐத் தொட்டா பாய்ச்சல்காரன். அம்புட்டுத்தான் விசயம்.

உன் கூட்டாளி ஒருத்தன் இந்த நம்பரையெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். தர்பூசணிக்கு 70க்கு மேலன்னு ஒரு கீத்தைக்கூடத் தொட மாட்டேங்கான். சாக்லேட்டு 55க்குள்ளன்னு முழுக்கட்டியையும் முழுங்குதான்! தர்பூசணியில முக்காவாசிக்கு மேல தண்ணிலே, ஒரு கீத்துல சர்க்கரை எம்புட்டு இருந்திரும்? சாக்லேட்டுல உள்ள கொழுப்பு, வயித்துல இருந்து இறங்க விடாமப் பிடிச்சு வைக்கும், அதனால நம்பர் கொறைவு. தொப்பைக்கு அந்த நம்பர் தெரியுமா?

இப்ப உன் கூழுக்கு வாரேன். கடையில ஹெல்த் மிக்ஸ்னு பாக்கெட் வாங்கி, "பாட்டன் பூட்டன் சாப்பாடு மாமா"ன்னு குடிக்கே. அது மாவு இல்லலே, முகத்துக்குப் போடுத பவுடரு! அம்புட்டு மையா அரைச்ச கேப்பையைக் கொதிக்க வச்சுக் கூழாக்கினா, குடலுக்கு அரைக்கிற வேலையே மிச்சம் இல்ல. சரசரன்னு ரத்தத்துல ஏறிரும். உன் பூட்டன் கம்மங்கூழு குடிச்சாரு, வாஸ்தவம். குடிச்சிட்டுப் பொழுது அடையுத வரைக்கும் ஏரு பிடிச்சாரு. நீ குடிச்சிட்டு லிப்டுல ஏறுதே. சாமையையும் வரகையும் வெள்ளைவெளேர்னு தவிடு போகத் தீட்டித்தான் இப்பப் பல கடையில விக்கான். தவிட்டோட இருக்கதாப் பாத்து வாங்கிச் சோறா வடி. அதுலயும் ரெண்டு கரண்டி. சிறுதானியம்னு பேரு வச்சா, பெருந்தட்டுல திங்கலாம்னு யாருலே சொன்னா?

அரிசியை ஒரேயடியா வையாதே. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி கொஞ்சம் நிதானம். வடிச்ச சோறு ஆறி நீத்தண்ணியில கெடந்தா, அதுல ஒரு பங்கு மாவு செரிக்காத மாவா மாறிரும். அந்த அளவுக்குப் பழைய சோறு நல்லதுதான். உடனே சட்டியைக் கவுத்தாதே! பக்கத்துல சின்ன வெங்காயம், ஒரு கை அவிச்ச நிலக்கடலை, இல்லேன்னா தட்டாம்பயறுச் சுண்டல் வச்சுக்கோ. கடலையும் பயறும் எந்த டாக்டரு அளந்தாலும் நிதானக்காரங்கதான்.

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல வாசப்படியில நிக்காங்க. அந்த வாசல்ல நீயும் செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்கே. ரத்தம் குடுக்கப் போறதுக்கு முந்தின மூணு நாள் மட்டும் வெள்ளரிக்காயா மென்னியாமே, உங்கம்மை சொன்னா. எச்.பி.ஏ.1.சி.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. அது நீ ரெண்டு மூணு மாசமா எங்கெங்க கை நனைச்சேன்னு சொல்லிரும். வெள்ளரிக்காய் சாட்சிக்கு வராது.

இந்தா, இது விளையாட்டு இல்ல, கேட்டுக்கோ. நாளப்பின்ன மாத்திரை, இன்சுலின்னு வந்துட்டா, டாக்டருகிட்டச் சொல்லாம சாப்பாட்டைக் கொறைக்காதே. ரத்தத்துல சர்க்கரை 70க்குக் கீழ போனா கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும். அப்பச் சீனித் தண்ணிதான் மருந்து. அந்த நேரம் பாத்து, "நான் சீனி விட்டவன்"னு வைராக்கியம் பேசிக்கிட்டு நிக்காதே.

நாளைக்குக் கல்யாண வீட்டுல எனக்கு அடுத்த இலையில உக்காரு. முதல்ல பொரியல், கூட்டு, அவியலைத் தின்னு முடி, பெறவு சோறு. காயும் பயறும் முன்னாடி போனா, பின்னாடி வார சோறு அம்புட்டு வேகமாச் சர்க்கரையை ஏத்தாது. சோத்து வாளியோட நிக்கவன் முறைப்பான், முறைக்கட்டும். சாப்பிட்டதும் பந்தல்ல நாற்காலி தேடாம, கோயில் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வா. பாயசம் வந்தா மட்டும் வேண்டாம்னு சொல்லிராதே. வாங்கி மெதுவா என் பக்கம் தள்ளு. எனக்குச் சுகரும் இல்ல, பல்லும் இல்ல. இலையில எல்லாரும் அப்பளத்தை நொறுக்கையில நான் என்னத்தலே பண்ண?