ஈயச் சட்டிக்காரர்

அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டைக் கடையில் வாங்காமல், வீட்டிலேயே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், எந்தச் சட்டியில் உருக்குவது என்றே இன்னும் முடிவு கட்டாதவர்.

வயது அறுபதுக்கு மேல். கராஜில் ஈயக் கட்டிகள் குடியிருக்கின்றன. கார் வெளியே மழையில் நனைகிறது. ஏன் இந்த வேலை என்று கேட்டால், "காசு மிச்சம்" என்பார். வீட்டுக் கணக்கு மனைவி கையில் இருப்பதால், அந்த அம்மாள் அருகில் இருக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த உலகத்திலும் வடகலை, தென்கலை உண்டு. ஒரு கலையார் வார்ப்பிரும்புச் சட்டியில் உருக்கி, கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவார்கள். மற்றவர்களுக்கு அடியில் துளையுள்ள மின்சாரச் சட்டி. பிடியைத் தூக்கினால் ஈயம் நேரே அச்சுக்குள் இறங்கும். வேலை மளமளவென்று நடக்கும். துளையில் கசடு அடைத்தால் சொட்டும். "ஒழுகுவதெல்லாம் ஒரு சட்டியா?" என்பது கரண்டிக் கட்சி. "பொழுது முழுக்க மொண்டு மொண்டு கை என்னத்துக்கு ஆகும்?" என்பது துளைக் கட்சி. நம்மவர் இருவருக்கும் தலையாட்டிவிட்டு இரண்டையும் வாங்கிவிடுவார்.

பத்து பவுண்டுச் சட்டி வாங்கிய அன்றிரவே இருபது பவுண்டு கனவில் வரும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்க்க அதற்கும் மேலே சூடு வேண்டும். சட்டியின் திருகிலோ வெறும் எண்கள்தான். ஆகவே ஒரு வெப்பமானி. பிறகு, சூட்டைத் தானே பிடித்து நிறுத்தும் மின்னணுப் பெட்டி.

சரக்கு வேட்டை தனிக் கதை. சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைகளுக்காக டயர் கடை டயர் கடையாக அலைவார். கலிஃபோர்னியா 2010இல் அவற்றுக்குத் தடை போட்டுவிட்டது. மற்ற ஊர் டயர் கடை வாளிகளிலும் இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கின்றன. துத்தநாகம் உருக ஏறக்குறைய 420 டிகிரி வேண்டும். சூட்டை அடக்கி வைத்தால் மிதக்கும், அள்ளிப் போடலாம். அசந்தால் சட்டி முழுக்கக் கூழ். இவர்களில் உண்மையான தனவந்தர், பழைய அச்சகத்து லைனோடைப் உலோகத்தைப் பதுக்கி வைத்திருப்பவர். காரீயத்தோடு 12 சதவீதம் ஆன்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம் சேர்ந்த கெட்டிச் சரக்கு. அதை உருக்க மனசு வருமா? தடவிக் கொடுத்துவிட்டு மூடி வைப்பார்.

ஈரக் கரண்டியை உருகிய ஈயத்துக்குள் விட்டால் நீர் சட்டென்று ஆவியாகி ஈயத்தை முகத்தில் விசிறும். அதற்காக முகக் கவசமும் தோல் கையுறையும் வாங்கினார். இரண்டும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. "எப்போது வார்க்கப் போகிறீர்கள்?" என்றேன். "புது மாடல் வருகிறதாம், பார்த்துவிட்டு..." என்றார்.

உங்களைக் கராஜுக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள். அங்கே காபி மட்டும் குடிக்காதீர்கள், வெளியே வந்ததும் கையைக் கழுவுங்கள். எலும்பில் போய்த் தங்கிய ஈயம் லேசில் இடத்தைக் காலி செய்யாது.