பிள்ளைகள் சத்தத்தில் ஓவியம் வளருமா?

கேள்வி: என் கணவர் இயற்கைக் காட்சிகள் வரைகிறார். எங்கள் லைன் வீட்டில் அதற்கென்று தனி அறை இல்லை. பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே கலை வளருமா?
— ஒரு வாசகி, கோலார் தங்கவயல்

பதில்: வளரும், கூடவே பிள்ளைகளும் கலைஞராக வளர்ந்துவிடுவார்கள், எச்சரிக்கை!

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் தீட்டியவர். 1966-ல் அவர் தலைமையில் ஓவியர்கள் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுப் பிழைப்பை நடத்திக்கொண்டே படம் வரைந்தார்கள். குடும்பமும் தூரிகையும் ஒரே ஊரில் குடியிருந்தன. பணிக்கரின் மகன் நந்தகோபால் புகழ்பெற்ற உலோகச் சிற்பி ஆனார்.

உங்கள் வீட்டில் வடக்கு ஜன்னல் இருக்கிறதா? அதன் ஓரத்தைக் கணவருக்கு ஒதுக்குங்கள். ஆண்டின் பெரும்பகுதி அங்கே நேர் வெயில் விழாது. வண்ணம் உள்ளபடி தெரியும். சின்ன வீட்டுக்கு நீர்வண்ணமே நல்லது. டர்பன்டைன் நெடி இருக்காது, பிள்ளைகளுக்கும் பயமில்லை.

வரைவதற்குக் காட்சி தேடி ஊட்டிக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் மாலை வெயிலில் நிறம் மாறுவதை யாராலும் மூட முடியாது. தூசியில் நிற்காமல் தள்ளியிருந்து வரையச் சொல்லுங்கள். சுரங்கக் கோபுரங்களையும் லைன் வீடுகளையும் சேர்த்தே வரையட்டும். ஓர் ஊரை அங்கே வாழ்பவர்தான் முதலில் வரைய வேண்டும். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். சத்தம் பாதியாகும், ஓவியர்கள் இரட்டிப்பாவார்கள்!