காதல்கதைப் பாட்டியல்

பாட்டியல் நூல்கள் புலவரை எட்டாகப் பகுக்கும். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்பன உயர்ந்த நான்கு. கள்ளக்கவி, சார்த்துகவி, பிள்ளைக்கவி, வெள்ளைக்கவி என்பன தாழ்ந்த நான்கு. ஆங்கிலத்தில் காதல் நாவல் எழுதிக் காசு பார்ப்போரை இப்பகுப்பில் அடக்க ஒருவரும் முன்வராமையால் இவ்வுரைகாரன் துணிந்தான். நூற்பா வருமாறு:

முத்தம் பிந்தினும் மறுநூல் பிந்தாது
அடுத்ததை அருகே வைத்துக் கொண்டே
எடுத்ததை முடிப்போர் இல்லம் தேடிப்
பொருள்வரும் என்மனார் பதிப்பறிந் தோரே.

'முத்தம் பிந்தினும்' என்றது, நாயகனும் நாயகியும் நூறு பக்கம் சண்டை போட்டாலும் குற்றமில்லை என்றவாறு. 'மறுநூல் பிந்தாது' என்றது, ஒரு நாவலைப் படித்து முடித்த வாசகிக்கு அன்றிரவே அடுத்தது கிடைக்க வேண்டும் என்றவாறு. ஒரே நாவலால் செல்வரானவர் இத்துறையில் அரியர். இருபதாவது வெளிவரும்போது முதல் பத்தொன்பதும் மறுபடி விற்குமே, அந்த விற்பனைதான் வீடு கட்டும்.

ஆசுகவியாவார் நினைத்த மாத்திரத்தில் பாடுவோர். இதற்கு இலக்கியம் பார்பரா கார்ட்லண்ட். சோபாவில் சாய்ந்து, வெந்நீர்ப் பையும் நாயும் துணையிருக்க, அம்மையார் வாயால் கதை சொல்வார், செயலாளர் எழுதிக்கொள்வார். ஒரே ஆண்டில் 23 நாவல் எழுதிக் கின்னஸில் ஏறினார். 2000-ல் தம் 98-ஆம் வயதில் காலமானபோது 700-க்கும் மேற்பட்டவை வெளிவந்திருந்தன. அச்சேறாமல் இன்னும் சுமார் 160 இருந்தன; மகன் அவற்றையும் வெளியிடத் தொடங்கினார். ஆசுகவிக்கு மரணமும் ஒரு தடையன்று என்பது இதனாற் பெறப்படும். இக்கால ஆசுகவிகளுக்கு அமேசான் 2023-ல் ஓர் உச்சவரம்பு விதித்தது: சொந்தமாகப் பதிப்பிக்கும் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றலாகாது. எந்திரத்தால் எழுதிக் குவிப்போரை மனத்திற்கொண்டு செய்த விதி. இதன்படி பார்த்தால் கார்ட்லண்டின் சாதனை ஆண்டு எட்டு நாள் வேலை.

சித்திரகவியாவார் நாகபந்தம், தேர்பந்தம் என வரைந்த கட்டத்துக்குள் எழுத்தை அடைப்போர். கட்டம் வரைந்து கொடுப்பது பதிப்பகம். லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூனும், அதை 1971-ல் வாங்கிய கனடா நாட்டு ஹார்லிக்வினும் இதில் ஆசான்கள். ஒரு வரிசைக்கு 50,000 சொல் என்றால் 50,000 சொல்தான். நாயகன் கிரேக்கக் கப்பல் முதலாளியோ, பாலைவன ஷேக்கோ, இரக்கம் மறந்த அறுவை மருத்துவரோ, எந்த வரிசைக்கு எவர் என்பது முன்பே முடிவானது. மாப்பிள்ளையின் ஊர், சொத்து, அவருக்கே தெரியாமல் வளரும் குழந்தை, எல்லாம் தலைப்பிலேயே வந்துவிடும். வாசகியை ஏமாற்றலாகாது என்ற நேர்மை அது. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். இந்நூல்கள் மாதந்தோறும் தொகுதியாக வரும், விற்றது போக மீதி கூழாகும். இங்கிலாந்தின் எம்6 கட்டணச் சாலை போட்டபோது தார்க்கலவையில் சேர்த்த கூழில் சுமார் 25 லட்சம் மில்ஸ் அண்ட் பூன் பிரதிகள் இருந்தன. 2003 முதல் லாரிகள் அவற்றின் மேல் ஓடுகின்றன.

வித்தாரகவியாவார் விரித்துப் பாடுவோர். இன்றைய பணம் பெரும்பாலும் இவர் பக்கம் என்பதால் உரையும் சற்று விரியும். ஜூலியா குவின் ஒரு தாய்க்கு எட்டுப் பிள்ளைகளைக் கொடுத்து, ஆங்கில அகரவரிசைப்படி ஆன்டனி முதல் ஹயசிந்த் வரை பெயரிட்டார். பிள்ளைக்கு ஒரு நாவல். 2000-ல் தொடங்கி 2006-ல் கடைசிக் கலியாணம். 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக எடுத்தபோது எட்டும் ஒருசேர விற்றன. நோரா ராபர்ட்ஸின் கதை வேறு. 'எங்களுக்கு ஏற்கெனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார்' என்று ஹார்லிக்வின் அவரைத் திருப்பியனுப்பியது. (அந்த ஏற்கெனவே இருந்தவர் கள்ளக்கவியில் வருவார்.) 1981-ல் வேறிடத்தில் நூல் வந்தது. பிறகு அவர் எழுதும் வேகத்துக்குப் பதிப்பகத்தால் ஈடுகொடுக்க முடியாமல், 1995-ல் ஜே. டி. ராப் என்ற இரண்டாம் பெயர் சூட்டி மிச்சத்தை அதில் விற்றார்கள்.

இனி, நாவலின் நீளத்தைக் கணக்குப்பிள்ளை தீர்மானித்த வரலாறு. 2014-ல் அமேசான் கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச்சந்தா நூலகம் திறந்தது. ஒரு நூலில் பத்து சதவீதம் படித்தால் எழுதியவருக்கு முழுப்பங்கு உண்டு, நூல் எத்தனை பக்கமாயினும் பங்கு ஒன்றே. உடனே நாவல்கள் துண்டுதுண்டாயின: முதல் துண்டில் சந்திப்பு, இரண்டாம் துண்டில் மழை, மூன்றாம் துண்டில்தான் குடை. 2015 ஜூலையில் விதி மாறி, படித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் கூலி என்றானது. பக்கத்துக்கு ஏறக்குறைய அரை சென்ட். அதே எழுத்தாளர்கள் அதே வேகத்தில் தடித்த நாவலுக்குத் திரும்பினார்கள். சிலர் பழைய நாவல்களையெல்லாம் பின்னால் ஒட்டி, 'கடைசியில் உங்களுக்கொரு பரிசு, இங்கே தொடவும்' என்று முதல் பக்கத்தில் கண்ணி வைத்தார்கள். வாசகி தொட்டால் நடுவிலுள்ளவையும் படித்ததாகக் கணக்காகும். ஒரு நூலுக்கு 3,000 பக்கம் உச்சவரம்பு என்பதால் ஒரு தொடுகைக்குப் பத்து டாலருக்கு மேல். அதையே 99 சென்ட்டுக்கு விற்றால் கைக்கு வருவது 35 சென்ட். 2018-ல் அமேசான் ஒட்டு வேலைக்குக் கத்தரி போட்டது. 2016 முதல் தமிழ் நூல்களையும் கிண்டிலில் ஏற்றலாம் என்றானதால், இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் குடும்ப நாவல் எழுதும் நம்மூர்ப் பெண்களில் பலருக்கும் இன்று இதே பக்கக் கணக்குத்தான்.

மதுரகவி அழவைப்பவர். கொலின் ஹூவர் டெக்ஸாஸில் சமூகப் பணியாளராக இருந்தவர், 2012-ல் முதல் நாவலைத் தாமே வெளியிட்டார். 2016-ல் வந்த 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' ஐந்தாண்டு கழித்து, டிக்டாக்கில் இளம்பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழும் காணொளிகளால் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. வந்தவர்கள் அவருடைய பழைய நூல்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளப் பல நூல் இருந்தது என்பதைக் குறிக்க.

பிறர் பாட்டைச் சார்ந்து பாடும் சார்த்துகவியைப் பாட்டியலார் தாழ்ந்தது என்றனர்; வங்கியார் அவ்வாறு கருதுவதில்லை. 'ட்வைலைட்' நாவலின் மாந்தரைக் கடன்வாங்கி ரசிகர் கதை எழுதிய ஈ. எல். ஜேம்ஸ், பெயர்களை மாற்றி 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' ஆக்கினார். ஆனா டாட் ஒரு பாட்டுக் குழுவின் ஹாரியை நாயகனாக்கிக் கைப்பேசியிலேயே தொடர்கதை எழுதினார். அச்சுக்குப் போகையில் ஹாரி ஹார்டின் ஆனார். வாசகியை அச்சுக்கு முன்பே சேர்த்துக்கொண்டு வருவது இவர் சிறப்பு.

கள்ளக்கவிக்கு ஜேனட் டெய்லி. ஹார்லிக்வின் போற்றிய அந்த அமெரிக்கர் இவரே. நோரா ராபர்ட்ஸின் நூல்களிலிருந்து எடுத்தாண்டதாக 1997-ல் ஒப்புக்கொண்டார். பிள்ளைக்கவியும் வெள்ளைக்கவியும் ஒரு டாலருக்குக் கீழே ஏராளமாகக் கிடைப்பதால் உரை வேண்டா.

எஞ்சியது மங்கலப் பொருத்தம். பாட்டியலார் மங்கலச்சொல்லை முதலில் வைக்கச் சொன்னார்கள். இங்கே அது கடைசியில் வேண்டும். மையத்தில் காதல், முடிவில் மனநிறைவும் நம்பிக்கையும் என்று அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் வரையறுத்தது. நாயகனையோ நாயகியையோ சாகடிக்கும் நிக்கலஸ் ஸ்பார்க்ஸ், தாம் எழுதுவது இந்த வகையே அன்று என்று தாமே ஒதுங்கிக்கொள்வார். 1980-ல் ஹூஸ்டனில் தோன்றிய அந்தச் சங்கம், இனப் பாகுபாடு பற்றிய பூசலில் உறுப்பினர் பெருமளவு விலகிப்போக, மாநாடுகளுக்குப் பேசிவைத்த ஓட்டல்களின் பாக்கியைக் கட்ட வழியின்றி, 2024 மே மாதம் திவால் மனு கொடுத்தது.