கல்லைக் கண்டால் விடமாட்டார்

நியூ ஜெர்சியில் டெலவேர்-ராரிட்டன் கால்வாய்க் கரையில் காலையில் நடக்கிறவர்கள் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வயது அறுபதுக்கு மேல். மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். தோளில் மாட்டிய துணிப்பை ஒரு பக்கமாக இழுக்க, ஆளும் அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பார். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் ஷூ கயிறு கட்டுகிற பாவனையில் குனிவார். அவர் போட்டிருப்பது கயிறே இல்லாத ஷூ. நிமிர்ந்து நாலடி போனபின் பார்த்தால், பெஞ்சின் காலடியில் நீல வண்ணத்தில் ஒரு ஆந்தை, கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருக்கும். திருப்பினால் ‘உன்னால் முடியும்’ என்று எழுதியிருக்கும்.

பெயர் ஒன்று வேண்டும் என்பதற்காகக் கல்லம்மாள் என்று வைத்துக்கொள்வோம். இவர் ஒருவரல்ல. அமெரிக்காவில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிளைகள் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டில் ‘சபாஷ்’ என்று எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற மறுநாள் சும்மா இருக்குமா? எழுத நோட்டு இல்லை, கல் இருந்தது.

இதற்கு ஒரு தலபுராணமும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரையில் மேகன் மர்ஃபி என்ற பெண்மணி 2015இல் சில கூழாங்கற்களில் தெம்பூட்டும் வார்த்தைகளை எழுதி மணலில் விட்டுவிட்டுப் போனார். அவற்றில் ஒன்று அவருடைய சிநேகிதியின் கண்ணிலேயே பட, அவர் அதைப் படம் பிடித்து மர்ஃபிக்கே அனுப்பினார். அன்புக் கற்கள் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. கவனிக்க: கல்லை வைத்தது மட்டும் போதவில்லை, அது போய்ச் சேர்ந்தது என்ற தகவலும் வந்த பிறகுதான் இயக்கம் ஆயிற்று. கல்லம்மாளின் முழுச் சுபாவமும் இந்தத் தலபுராணத்திலேயே இருக்கிறது.

நம்மவர் தொழிலுக்கு வந்தது 2020இல். பள்ளியும் நூலகமும் மூடி, ஜனங்கள் ஆளுக்கு ஆறடி தள்ளி நடந்த காலம். கல்லில் வானவில் வரைந்து வழியில் வைத்தார். அதைத் தொடலாமா கூடாதா என்று பயந்து ஜனங்கள் கல்லையும் ஆறடி தள்ளியே சுற்றிப் போனார்கள். துணிச்சலான சிலர் கையில் சானிட்டைசரோடு வந்து, கல்லைக் குளிப்பாட்டி எடுத்துக்கொண்டார்கள். அதில் வானவில்லின் பாதி நிறம் கரைந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் கல்லம்மாள் வார்னிஷ் ஸ்ப்ரே வாங்கினார்.

கரையில் கிடக்கிற கல்லை எடுத்து ஏதோ கிறுக்குகிறார் என்று நினைத்தால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கல் சொரசொரப்பு, பேனா ஓடாது. கடையில் மூட்டையாக விற்கிறார்கள், மெக்சிகோக் கடற்கரைக் கூழாங்கல், அதுதான் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் காய வைத்து, வெள்ளை அக்ரிலிக் பூசி, அது காய்ந்ததும் ஜப்பானிய போஸ்கா பேனாவால் வரைந்து, மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு. மெக்சிகோவில் பிறந்து ஜப்பான் மையைப் பூசிக்கொண்ட அந்தக் கல், 1830களில் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள் மண்வெட்டியால் தோண்டிய கால்வாயின் கரையில் உட்கார்ந்து, வருகிற போகிற இந்தியர்களுக்குத் தைரியம் சொல்கிறது. குடியேற்றச் சட்டம் பேசுகிற எந்த அரசியல்வாதியும் இன்னும் இந்தக் கல்லைக் கவனிக்கவில்லை.

வாசகம் தேர்ந்தெடுப்பதில்தான் அம்மாள் கொஞ்சம் சறுக்குவார். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்பது அவருக்கு மிகவும் பிடித்தது. எங்கே இடம் கிடைத்தாலும் வைத்துவிடுவார். இந்தக் கால்வாய்ப் பூங்கா சுமார் 70 மைல் நீளம். அந்தக் காலத்தில் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இதே கரையில் நடந்த கோவேறு கழுதைகளுக்கு மட்டும் படிக்கத் தெரிந்திருந்தால், கல்லம்மாளை உதைத்திருக்கும்.

“வைத்தேன், மறந்தேன். யார் எடுத்தார்கள் என்று பார்ப்பது என் வேலை இல்லை” என்று எவரிடமும் சொல்வார். சொல்லிவிட்டுச் சாயங்காலம் பார்க்கப் போவார். அதற்கென்றே ஒரு நாய் வளர்க்கிறார். அந்த நாய்க்கு வயதாகிவிட்டது, படுத்துக் கிடக்கத்தான் ஆசை. ஆனால் காலையில் கல் வைக்க ஒரு நடை, மாலையில் கல் போயிற்றா என்று பார்க்க ஒரு நடை என்று அதை இழுத்துக்கொண்டு போகிறார். “இதற்கு நடக்காமல் இருக்கவே முடியாது” என்பார். நாய் நம்மை ஒரு பார்வை பார்க்கும்.

கல் அங்கேயே இருந்தால், எதிர்ப் பெஞ்சில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கம் மட்டும் புரளாது. காதில் ஒயர் மாட்டிய பையன் கல்லைத் தாண்டி ஓடினால், “இவனுக்கு இன்னும் கஷ்டம் வரவில்லை” என்று முடிவு கட்டுவார். குனிந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறவர்மேல்தான் அவருக்கு ஆத்திரம். அவருடைய துக்கத்துக்கு இந்த ஆந்தை போதவில்லையாமா? ஒருநாள் மூன்று வயதுப் பிள்ளையொன்று கல்லை ஆசையாகக் கையில் எடுத்தது. கல்லம்மாள் மூச்சுகூட விடவில்லை. பிள்ளை கல்லை முத்தமிட்டது. அப்புறம், கல்லும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. தொபுக்கென்று ஒரு சத்தம். அம்மாள் ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மீனுக்கும் யார் இருக்கிறார்கள்” என்றார்.

இந்தப் பக்கம் நம் ஜனங்கள் அதிகம். பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் தங்க வந்த அப்பா அம்மாக்கள், மே மாதத்திலும் குல்லாய் போட்டுக்கொண்டு நடப்பார்கள். கல்லம்மாளுக்கு இவர்கள்மேல் தனிப் பிரியம், ஏனென்றால் இவர்கள்தான் கல்லைப் பார்த்ததும் நிற்கிறவர்கள்.

“என்னங்க, இங்க பாருங்களேன், கல்லுல செவப்பு வண்டு போட்டிருக்கு.”

“தொடாத. கேமரா வச்சிருப்பான்.”

“எடுத்துக்கங்கன்னு பின்னால எழுதியிருக்குதுங்க.”

“யார எடுத்துக்கச் சொல்லி எழுதியிருக்கு? உன் பேரு போட்டிருக்கா?”

அவர் நாலடி முன்னால் போன சமயம் பார்த்துக் கல் அந்த அம்மாவின் கைப்பைக்குள் போயிற்று. ஊருக்குப் புறப்படும் அன்று பெட்டி எடை 23 கிலோவைத் தாண்டவே, மாப்பிள்ளை வாங்கித் தந்த பாதாம் பாக்கெட் ஒன்று வெளியே வந்ததே தவிர, கல் வெளியே வரவில்லை. இன்று அது திருச்சிப் பக்கம் ஒரு சமையலறையில், தோசைமாவுப் பாத்திரத்தின் மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி மாவு பொங்கி மூடியைத் தள்ளாமல் காப்பது அதன் வேலை. ‘நீ தனியாக இல்லை’ என்று அதில் எழுதியிருப்பது மாவுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கல்லம்மாள் இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு எதிரியும் இருந்தே தீருவார். இயற்கையை இயற்கையாக விடு என்கிற கட்சி. காட்டுக்குப் போனால் காலடியைத் தவிர வேறெதையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பவர். அதற்கென்று அமெரிக்காவில் ஏழு கொள்கைகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஏழும் அவருக்கு மனப்பாடம். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்தான், உரிந்து தண்ணீரில் கலக்கும் என்பார். தேசியப் பூங்காக்களில் வண்ணக் கல் வைப்பதைக் குப்பை போடுவதாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பார். இரண்டும் உண்மைதான். இது தேசியப் பூங்கா அல்ல, மாநிலப் பூங்கா என்று சொன்னால், “ஆற்றுக்கு அது தெரியுமா?” என்று கேட்பார். இது ஆறு அல்ல, கால்வாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இவர் பேச்சோடு நிற்கவில்லை. தினமும் காலை பத்து மணிக்குப் பையோடு வந்து, கண்ணில் படும் கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். விளைவு என்ன ஆயிற்றென்றால், கல்லம்மாள் மாலையில் வந்து பார்க்கும்போது ஒரு கல்கூட இல்லை. அவருக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ஊரில் இத்தனை பேர் மனம் நொந்துபோயா இருக்கிறார்கள்? அன்றிலிருந்து உற்பத்தி இரட்டிப்பாயிற்று. அவர் பொறுக்கப் பொறுக்க இவர் வைக்க, இவர் வைக்க வைக்க அவர் பொறுக்க, கூழாங்கல் கடைக்காரர் ஒருவர்தான் இந்தச் சண்டையில் சுகமாக இருந்தார்.

ஒருநாள் கல்லம்மாளே நேருக்கு நேர் பார்த்துவிட்டார். பெஞ்சருகில் அந்த மனிதர் குனிந்து, தும்பி வரைந்த கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார், அடுத்த மரத்தடியில் இன்னொன்று, பாலத்தடியில் இன்னொன்று. மூஞ்சி கடுகடுவென்று இருந்தது. கல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம், எத்தனை எடுத்தும் அவருக்கு ஆறவில்லை” என்று என்னிடம் சொன்னார். மறுநாள் முதல் அவர் வரும் வழியில் மட்டும் பத்தடிக்கு ஒன்றாக வைக்க ஆரம்பித்தார், கொஞ்சம் அழுத்தமான வாசகங்களோடு.

அந்த மனிதருக்கு வேறு சங்கடம். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் அதுவும் மண்ணுக்குத்தான் போகும். கொள்கை இடம் தராது. கராஜில் சேர்த்து வைத்தார். கராஜ் நிறைந்ததும் அவர் மனைவி ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, வாசல் பூப்பாத்திக்கு ஓரமாக வரிசையாக அடுக்கிவிட்டார். தெருவே நின்று பார்த்தது. பாத்தியின் கடைசி முழத்துக்கு மட்டும் கல் போதவில்லை, அதுவும் நீல நிறம்தான் வேண்டுமாம்.

இப்போதெல்லாம் அவர் ஏழு மணிக்கே கரைக்கு வந்துவிடுகிறார். போன வாரம் கல்லம்மாளைத் தேடிப் பிடித்து, அக்ரிலிக்கின் தீமைகளை அரைமணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: “அந்த நீல ஆந்தை இனிமேல் எப்போது வரும்?”