பஞ்சுக்குழி இல்லாமல் பல்டி அடிப்பது எப்படி?

வாழ்த்துகள், தம்பி. பாதிக் கிணற்றை ஏற்கெனவே தாண்டிவிட்டாய். மீதிக் கிணற்றுக்குத்தான் இந்தக் கையேடு.

உன் போன் முகப்பில் ஒருவர் அந்தரத்தில் மிதக்கிறார். கை சீட்டைப் பற்றியிருக்கிறது, கால் இரண்டும் வானத்தில் நீட்டிக் கிடக்கின்றன, ஏறக்குறைய நூறு கிலோ பைக் அவருக்கு முன்னால் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வித்தைக்கு சூப்பர்மேன் சீட் கிராப் என்று பெயர். செய்பவர் டிராவிஸ் பாஸ்ட்ரானாவா, ராபி மேடிசனா என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியாது. பரவாயில்லை. ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸ் ரசிகனுக்குப் பெயர் முக்கியமில்லை, கெத்துதான் முக்கியம். கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் செய். பெரும்பாலானவற்றை நீ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாய், இனி முறைப்படி செய்யலாம்.

1. பதினைந்து விநாடிக்கு மேல் எதையும் பார்க்காதே.

இந்த விளையாட்டை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனதே வெட்டி ஒட்டிய வீடியோதான். 1995-இல் வந்த ‘கிரஸ்டி டீமன்ஸ் ஆஃப் டர்ட்’ மணல்மேடுகளில் பறக்கும் ஆட்களை அதிரடி இசையோடு கோத்துக் காட்டியது. அந்தக் காலத்துப் பையன்கள் பாவம், கேசட்டை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உனக்கு விரலால் தள்ளினால் போதும்.

1999-ஐ மட்டும் கட்டாயம் பார். சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டு விழாவில் இந்தப் போட்டி முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு. 15 வயது பாஸ்ட்ரானா 99 புள்ளி எடுத்துத் தங்கம் வாங்கினார், அதே வேகத்தில் பைக்கோடு வளைகுடாத் தண்ணீரில் பாய்ந்தார். எத்தனை முறை வேண்டுமானாலும் பார். அதற்கு முந்தைய ஆண்டுக்கு மட்டும் போய்விடாதே. 14 வயதில் ஒரு தாவலில் தூரம் எட்டாமல் மோதி, முதுகெலும்பு இடுப்பெலும்பிலிருந்தே பிரிந்து, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் கிடந்தவரும் அதே ஆள்தான். சக்கர நாற்காலிக்கு யாரும் பின்னணி இசை சேர்ப்பதில்லை. ஆகவே அது உன் பக்கம் வராது, கவலைப்படாதே.

2. பஞ்சுக்குழி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு.

இது கொஞ்சம் சங்கடமான விஷயம், மெதுவாகச் சொல்கிறேன். நீ கும்பிடும் ஒவ்வொரு அண்ணனுக்கும் பின்னால் ஒரு குழி இருக்கிறது. ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு ஃபோம் பஞ்சுத் துண்டுகளைக் கொட்டி நிரப்பிய குழி. ஏறுதளத்தில் ஏறுவார், பறப்பார், பாதிச் சுழற்சியில் தடுமாறுவார், தலைகுப்புறப் பஞ்சுக்குள் போய் விழுவார். பிறகு நீந்திக்கொண்டு வெளியே வருவார். பைக்கைக் கிரேன் வைத்து வெளியே தூக்குவார்கள். சூடான சைலன்சர் பஞ்சில் பட்டுவிட்டதா, பெட்ரோல் சிந்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறுபடியும் ஏறுவார். மறுபடியும் விழுவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும்.

பஞ்சில் சரியாக வந்த பிறகாவது நேரே மண்ணுக்கு வருவார்களா என்றால், அதுவும் இல்லை. நடுவில் காற்றடைத்த பெரிய மெத்தை. அதிலும் தேறினால்தான் மண். அந்த மண்ணும் சமதளம் கிடையாது, சரிவு. மேலிருந்து வரும் வேகத்தைச் சரிவு வாங்கி முன்பக்கமாக உருட்டிவிடும். சமதளத்தில் அதே வேகம் முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும். ஏறுதளத்துக்கும் இறங்குதளத்துக்கும் நடுவே வழக்கமாகச் சுமார் 75 அடி. அதை நாடா வைத்து அளப்பார்கள். எந்த கியர், எவ்வளவு வேகம் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனை ஜாக்கிரதைக்காரர்களை எல்.ஐ.சி. ஆபீசில்கூட நான் பார்த்ததில்லை.

பாஸ்ட்ரானா மேரிலாந்தில் தன் வீட்டு நிலத்திலேயே இந்த ஏற்பாடுகளை எல்லாம் செய்து வைத்தார். 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் அடித்த இரட்டைப் பல்டி, பஞ்சு அவரை விழுங்கித் துப்பிய பிறகுதான் ஊர் பார்க்க வந்தது. 2015-இல் ஜாஷ் ஷீஹன் என்ற ஆஸ்திரேலியர் மூன்று பல்டி அடித்ததும் அதே நிலத்தில்தான்.

உனக்கு இந்த இழுவை எல்லாம் எதற்கு? பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறதே, அந்தத் தார் ரோட்டில் நேரடியாக ஆரம்பி. பஞ்சு வேண்டுமென்று ரொம்பத் தோன்றினால், முடிந்த பிறகு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வைப்பார்கள்.

3. அவர்கள் பைக்கில் என்ன இல்லையோ, அதை உன் பைக்கிலிருந்து கழற்று.

வீடியோவில் வரும் பைக்கில் கண்ணாடி இல்லை, ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. அது ரோட்டுக்கே வராத வண்டி, அதனால் இவை இல்லை. நீ அந்தக் காரணத்துக்குள் போகாதே. கண்ணாடியைக் கழற்று, நம்பர் பிளேட்டைச் சீட்டுக்கடியில் மடக்கு, சைலன்சரை மாற்றித் தெருவையே எழுப்பு.

அவர்கள் பைக்கில் என்ன இருக்கிறதோ, அதைச் சேர்க்க வேண்டாம். சஸ்பென்ஷன் சுமார் 12 அங்குலம் அமுங்கும். உன் பைக்கின் முன்பக்கம் அதில் பாதிகூட அமுங்காது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

4. மேலே போடுவதை வாங்கு. உள்ளே போடுவதை விட்டுவிடு.

அந்த வண்ண ஜெர்சிக்கு உள்ளே மார்புக் கவசம் இருக்கிறது. காலரைச் சுற்றிக் கழுத்துக் கவசம், பேன்ட்டுக்குள் முழங்கால் கவசம், கணுக்காலை அசையவிடாத பூட்ஸ். இவற்றில் பாதி கேமராவுக்குத் தெரியாது. தெரியாததற்குக் காசு செலவழிப்பவன் முட்டாள். ஜெர்சியை மட்டும் ஆன்லைனில் ஆர்டர் போடு, காலில் செருப்புப் போதும். ஹெல்மெட்டும் வாங்கலாம், நல்ல விலையுள்ளதாக. அதை முழங்கையில் மாட்டிக்கொள். செக் போஸ்ட் தெரிந்ததும் தலைக்கு மாற்று, தாண்டியதும் முழங்கைக்கு. முழங்கை விஷயத்தில் நம் ஊர்ப் பையன்களை விஞ்ச ஆளில்லை.

5. டப்பாவைக் கையில் வை.

போட்டி முடிந்ததும் வீரர் கையில் ஒரு எனர்ஜி டிரிங்க் டப்பா இருக்கும், பெயர் கேமராவைப் பார்த்தபடி. மான்ஸ்டர் நிறுவனம் பார்வைக்கு அதே மாதிரி டப்பாவில் வெறும் தண்ணீர் அடைத்து, ‘டூர் வாட்டர்’ என்று, மேடை ஏறுபவர்களுக்கும் வீரர்களுக்கும் தருவதுண்டு. உனக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், நீ நிஜத்தையே குடி. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பாதே.

6. கெட்ட பையனாக மாறு. கடையில் கிடைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிரையன் டீகனும் லாரி லிங்கோகிளும் மெட்டல் முலிஷா என்று ஒரு கூட்டத்தை ஆரம்பித்தார்கள். கறுப்பு உடை, முள் வைத்த ஹெல்மெட்டுக்குள் மண்டையோட்டுச் சின்னம், கை நிறையப் பச்சை, யாருக்கும் அடங்காத முகம். கூடிய சீக்கிரம் அந்த அடங்காமை பனியனாகி, அளவுவாரியாக மடித்து, அமெரிக்க ஷாப்பிங் மால்களில் அடுக்கப்பட்டது. அம்மாவோடு போய் வாங்கலாம், அளவு சரியில்லையென்றால் மாற்றித் தருவார்கள். புரட்சிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறெங்கும் கிடையாது.

டீகன் பட்டதை எல்லாம் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. 2004 குளிர்கால எக்ஸ் கேம்ஸில் தொடை எலும்பும் இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு விபத்தில் ஒரு சிறுநீரகமும் மண்ணீரலும் போயின. அதற்குப் பிறகு மனிதர் பைபிளைக் கையில் எடுத்தார். அந்தப் பகுதிக்கு மாலில் பெரிய கிராக்கி இல்லை.

இன்னொன்றையும் கண்டுகொள்ளாதே. தன் பிள்ளைகளை அவர் பல்டி அடிக்க வளர்க்கவில்லை. மகன் ஹெய்டனைச் சின்ன வயதிலிருந்தே பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டவைத்தார்; ஹெய்டன் 2024-இல் அமெரிக்காவின் 250 பிரிவு மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றார். மகள் ஹெய்லி கார்ப் பந்தயத்துக்குப் போனார். ஊரான் பிள்ளைக்கு மண்டையோடு, தன் பிள்ளைக்குப் பயிற்சி. நான் குறை சொல்லவில்லை, நல்ல தகப்பன் அப்படித்தான் செய்வார். ஹெய்டனுக்கு ‘டேஞ்சர் பாய்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை மட்டும் எடுத்து உன் இன்ஸ்டாகிராம் பெயரில் சேர்த்துக்கொள்.

7. இந்தப் படி தம்பிக்கு இல்லை, அவன் அப்பாவுக்கு.

வணக்கம் ஐயா. பிளஸ் டூ-வில் நல்ல மார்க் எடுத்தால் புது பைக் என்று சொல்லியிருக்கிறீர்கள். மார்க் வரும்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? இப்போதே எடுத்துக் கொடுங்கள், பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும். 16 வயதில் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். ஆகவே 200 சிசி பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டியால் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பாஸ்ட்ரானாவின் பந்தய எண் 199 என்பதை மகன் உங்களிடம் சொல்லியிருப்பான். உங்கள் எண்ணில் ஒரு எழுத்துதான் கூடுதல். குடும்பமாக ஒரே ஜெர்சி தைத்துக்கொள்ளலாம்.

8. செத்தவர்களைப் பக்குவமாகக் கையாளு.

ஜெரமி லஸ்க், மெட்டல் முலிஷாக்காரர், 2008 எக்ஸ் கேம்ஸில் தங்கம் வாங்கியவர். அடுத்த பிப்ரவரியில் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் பின்பல்டியில் சுழற்சி முடியாமலே தரை வந்துவிட்டது. தலை மோதியது. சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 24. அளந்த தூரம், கவசம், பல வருடப் பழக்கம் எல்லாம் இருந்தவர்.

இப்படிச் சேதி வரும்போது செய்ய வேண்டியது: கறுப்புப் பின்னணியில் படம், இரண்டு இறக்கை, கீழே ‘மிஸ் யூ அண்ணா’. மூன்று நாள் வைத்திரு. நான்காம் நாள் எடுத்துவிடு, புதுக் கிளிப் வந்திருக்கும். அவருக்கு அது நடந்ததே, உனக்கு என்ன ஆகும் என்று எவனாவது கேட்டால் அவனை பிளாக் செய்.

9. தேதி: டிசம்பர் 31, நள்ளிரவு.

ராபி மேடிசன் 2008-இல் அதே இரவில்தான் லாஸ் வேகாஸில் பாரிஸ் வெற்றி வளைவின் நகல் ஒன்றின் உச்சிக்குத் தாவி ஏறினார். அன்றிரவு அங்கே ரோட்டையே அடைத்திருந்தார்கள். சென்னையில் அன்றிரவு போலீஸ் மேம்பாலங்களை அடைப்பதும் உனக்காகத்தான். அந்த மரியாதையைப் புரிந்துகொண்டு சர்வீஸ் ரோட்டில் செய்.

10. வாரிசை உருவாக்கு.

இந்த வித்தை தலைமுறை தலைமுறையாக வருவது. ஈவல் நீவல் என்ற அமெரிக்கர் 1967-இல் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் நீரூற்றைப் பைக்கில் தாண்டப் பார்த்தார். தாண்டினார், சரியாக இறங்கவில்லை. துணிப் பொம்மையைப் போல உருண்டு, இடுப்பெலும்பும் தொடை எலும்பும் நொறுங்கிய அந்தப் படம்தான் அவரை நாடெங்கும் பிரபலமாக்கியது. சரியாக இறங்கியிருந்தால் இத்தனை பேர் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஐடியல் என்ற பொம்மை நிறுவனம் 1973-இல் கைப்பிடியைச் சுற்றினால் பாயும் குட்டி நீவலைக் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் பொம்மையோடு நிற்கவில்லை, செங்கல் மேல் பலகை வைத்துத் தங்கள் சைக்கிளை எடுத்தார்கள். 2018-இல் பாஸ்ட்ரானா நீவலைப் போலவே வெள்ளை உடுப்பில் அதே நீரூற்றைத் தாண்டிக் காட்டினார்.

இப்போது உன் தெருவைப் பார். நீ முன்சக்கரத்தைத் தூக்கும்போதெல்லாம் மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு எட்டு வயதுப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அண்ணா, அண்ணா என்கிறான். அவனிடம் கியர் இல்லாத ஒரு சைக்கிள் இருக்கிறது, பின் பிரேக் பிடிக்காது. எதிரே புது வீடு கட்டுகிறார்கள், பலகைக்கும் செங்கலுக்கும் பஞ்சமில்லை. இரண்டு செங்கல் போதும் என்பான், நான்கு வை. பலகை ஆடாமல் நீ காலால் மிதித்துக்கொள். போனை அவன் அக்காவிடம் கொடுத்து நெட்டாகப் பிடிக்கச் சொல், படுக்கையாகப் பிடித்தால் ரீல்ஸில் ஓரம் வெட்டுப்படும்.